மாசி மாதத்து அட்டை

சுவிசேஷமுத்துக் கங்காணி மூக்குப்பொடியை விட்ட கதை வண்டிப்பெரியாற்றைச் சுற்றியுள்ள எல்லா எஸ்டேட்டுகளுக்கும் தெரியும். தெரியாதவர் யாராவது இருந்தால் அது அவர்கள் குற்றமே தவிர கங்காணியின் குற்றமில்லை. ஏலப்பாறையில் சொன்னார், பீர்மேட்டில் சொன்னார், குமுளி இறங்கிக் கம்பம் வரைக்கும் போய் மைக்கைப் பிடித்துச் சொன்னார். எங்கே கூப்பிட்டாலும் போவார். கூப்பிடாவிட்டாலும், கூப்பிட வைத்துவிடுவார்.

நடந்தது இவ்வளவுதான். போன வருஷம் மே மாதத்தில் சபையில் மூன்று நாள் உபவாச ஜெபம் நடந்தது. கடைசி நாளில் உபதேசியார் அமிர்தநாதன், உங்களை எந்தப் பாவம் கட்டி வைத்திருக்கிறதோ அதை இன்றைக்கு ஆண்டவர் பாதத்தில் போட்டுவிடுங்கள் என்று கண்ணீரோடு கேட்டுக்கொண்டார். கங்காணி விறுவிறுவென்று எழுந்து வெளியே போனார். இடுப்பில் இருந்த பொடி டப்பாவை எடுத்துக் கோயிலுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் வீசினார். திரும்பி வந்து குப்புற விழுந்து அழுதார். அவர் மனைவி அன்னாளும் அழுதாள். அன்றைக்கு அவர் மனதாரத்தான் வீசினார், அதில் யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

தொல்லை அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. ஆண்டவர் செய்த நன்மையைச் சபை முன் சாட்சியாகச் சொல்ல அவரை எழுப்பிவிட்டார்கள். எழுந்தவர், “அந்த நிமிசமே ஆசை அத்துப்போச்சு. அன்னையிலருந்து இந்த மூக்கு அதத் தேடவே இல்ல” என்று சொன்னார். சபையே அல்லேலூயா என்று அதிர்ந்தது. சொந்த வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்க வேண்டும் போல் இருந்தது.

சொல்லச் சொல்லக் கதையும் கொழுத்தது. தகர டப்பா பீர்மேட்டில் பித்தளையானது, கம்பத்தில் வெள்ளியானது. ஓடை ஆறானது. முப்பது வருஷப் பழக்கம் நாற்பது வருஷமானபோது, அன்னாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, பதினாலு வயசிலேயே பொடி போட ஆரம்பித்தவரையா நான் கட்டினேன் என்று கேட்டாள். ஆனாலும் ஜனங்களுக்குக் கதை பிடித்துப்போயிற்று. பொடிக் கங்காணி என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் சாட்சிக் கங்காணி என்று மாற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஜூன் மாதம் மழை பிடித்தது. மழையோடு அட்டையும் வந்தது.

தேயிலைக் காட்டில் அட்டை என்றால் என்னவென்று அங்கே வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். செடிக்குள் கால் வைத்தால் போதும், விரலிடுக்கு, கெண்டைக்கால், முழங்காலுக்குப் பின்புறம் என்று இடம் பார்த்துக் குடியேறிவிடும். கொழுந்து பறிக்கிற பெண்கள் புகையிலைத் தூளையும் சுண்ணாம்பையும் எண்ணெயில் குழைத்துக் காலில் பூசிக்கொள்வார்கள். அப்படியும் ஏறிவிட்டதென்றால், அவர்களை வேலை வாங்கும் கங்காணி ஒரு சிட்டிகை மூக்குப்பொடியை அதன் மேல் தூவுவார். அட்டை சுருண்டு விழுந்துவிடும். இருபது வருஷமாக அந்த மலைச்சரிவில் அட்டை வைத்தியர் அவர்தான்.

அந்த ஜூனிலும் பெண்கள் அவரையே கூப்பிட்டார்கள். பொடி இல்லையே என்று கையை விரித்துக்கொண்டு எத்தனை நாள் நிற்க முடியும்? அட்டைக்காக ஒரு டப்பா வாங்கினார். மூக்குக்காக இல்லை, அட்டைக்காக. இதில் பாவம் என்ன இருக்கிறது என்று கர்த்தரிடமே கேட்டார். கர்த்தர் பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

முதல் நாள் எல்லாப் பொடியும் அட்டைக்கே போனது. இரண்டாம் நாள் விரலில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. ஒட்டியதை உதறுவானேன் என்று மூக்கின் பக்கம் கொண்டுபோனார், வாசனைக்கு மட்டும். ஒரு வாரத்தில் கங்காணிக்குச் சட்டங்கள் தேவைப்பட்டன. இடது மூக்கில் மட்டும் போடலாம். இரண்டு மூக்கிலும் போட்டால்தானே பழக்கம்? காட்டுக்குள் போடலாம், லயத்து வீட்டில் கூடாது. ஞாயிற்றுக்கிழமை அறவே கூடாது, கோயில் முடிந்து சாப்பாடு ஆகும் வரைக்கும். இவ்வளவு சட்டம் போட்டு ஒழுங்காக நடக்கிறவனை அடிமை என்று யார் சொல்ல முடியும்?

பொடி போடுகிறவன் கைக்குட்டை சும்மா இருக்காது, காப்பிக் கறை பிடித்தது போல் ஆகிவிடும். அதனால் கல்யாணமான நாளிலிருந்து ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்தறியாத கங்காணி, தினமும் சாயங்காலம் குழாயடியில் நின்று தன் கைக்குட்டையைத் தானே சோப்புப் போட்டுத் துவைக்க ஆரம்பித்தார். லயத்துப் பெண்கள் அசந்துபோனார்கள். அடுத்த வீட்டுச் சுருளியம்மாள் முருகனைக் கும்பிடுகிறவள். அவளே, என் வீட்டுக்காரரையும் உங்கள் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், கைக்குட்டையாவது துவைப்பார் என்று அன்னாளிடம் கேட்டுக்கொண்டாள். அன்னாள் சிரித்துக்கொண்டாள்.

மழை நின்றது. பனியும் போய் வெயில் வந்தது. தை மாசி மாதங்களில் அந்த மலையில் அட்டை என்று ஒன்றைத் தேடினாலும் கிடைக்காது. கங்காணி தேடினார். ஓடையோரத்தில், ஈரம் கசியும் பாறை இடுக்கில், குனிந்து குனிந்து தேடினார். ஒரே ஒரு அட்டை இருந்துவிட்டால் டப்பா இடுப்பில் இருப்பதற்கு நியாயம் கிடைத்துவிடும். அட்டை இல்லை. டப்பா மட்டும் இருந்தது.

வெளியே இப்படிச் சிரிப்பாகத் தெரிந்தாலும் மனிதர் உள்ளே நொந்துகொண்டுதான் இருந்தார். திருவிருந்து வரும் ஞாயிறெல்லாம் அவருக்கு வயிற்றுவலி வந்தது. பொய்யை வைத்துக்கொண்டு அந்த அப்பத்தை வாங்கப் பயம். விடிந்ததும் இன்றைக்குத் தொடமாட்டேன் என்று முழங்காலில் நின்று சொல்வார். எட்டு மணிக்கு ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்து முடிப்பதற்குள் கை டப்பாவைத் திறந்திருக்கும். ஓடையில் வீசுவதற்கு முன்பாவது வெறும் பொடிதான். இப்போது பொடியும் பொய்யும் சேர்ந்துகொண்டன. இரண்டில் எது பெரிய எஜமான் என்று அவருக்கே தெரியவில்லை.

அந்த மாசியில்தான் பக்கத்து எஸ்டேட்டில் கன்வென்ஷன் என்று நற்செய்திக் கூட்டம் போட்டார்கள். சனிக்கிழமை மதியம் கங்காணியின் சாட்சி என்று நோட்டீசிலேயே அச்சடித்திருந்தார்கள். அன்னாளை முதல் நாளே சமையலுக்கு உதவி என்று கூட்டிப்போய்விட்டார்கள். கங்காணியை அழைத்துப்போக ஜீப்போடு பாண்டி வந்தான்.

பாண்டி ஜீப் ஓட்டுகிறவன். முன்பெல்லாம் சாயங்காலம் ஆனால் அவன் ஜீப்பை இரண்டாம் வளைவில் உள்ள கள்ளுஷாப்பு வாசலில்தான் பார்க்கலாம். எட்டு மாசத்துக்கு முன்னால் ஏலப்பாறைக் கூட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போனவன், வெளியே நின்றபடியே கங்காணியின் சாட்சியைக் கேட்டான். அன்றிலிருந்து குடிக்கவில்லை. அவன் பெண்டாட்டி நிமி, கங்காணியை எங்கே பார்த்தாலும் கும்பிட்டாள். அவள் கும்பிடும்போதெல்லாம் கங்காணிக்கு இடுப்பில் டப்பா உறுத்தும்.

இரண்டாம் வளைவு தாண்டியதும் பாண்டி ஜீப்பை ஓரமாக நிறுத்தினான்.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். ஒங்களுக்கு அந்த நிமிசமே ஆசை போயிருச்சுன்னு சொல்றீங்கள்ல?”

கங்காணி தலையை ஆட்டி வைத்தார்.

“எனக்குப் போகலண்ணே. எட்டு மாசமா ஒரு நாக்கூடப் போகல. சாயங்காலம் இந்த வளைவு வந்தா ஸ்டீரிங்கு தன்னால திரும்புது. பல்லக் கடிச்சிக்கிட்டு ஓட்டுறேன். ஒங்களுக்கு எடுத்த ஆண்டவர் எனக்கு எடுக்கலைன்னா, என்னைய அவருக்கு வேணாம்னுதான அர்த்தம்? இன்னைக்கு ஒங்க சாட்சிய முன்னால ஒக்காந்து கேக்கப்போறேன். அப்பறமும் போகலைன்னா, நமக்கு இது இல்லைன்னு விட்டுர்றேன். நிமிகிட்ட சொல்லல, ஒங்ககிட்டத்தான் சொல்றேன்.”

கங்காணி ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று பார்த்தார். அவரிடம் இருந்ததெல்லாம் கம்பம் வரை போய்ச் சொன்ன அந்த வாக்கியம்தான். ஜெபிக்கிறேன் என்று மட்டும் முணுமுணுத்தார். பாண்டி ஜீப்பைக் கிளப்பினான்.

பந்தலில் கூட்டம் நிறைந்திருந்தது. பாண்டியும் நிமியும் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு பாடும்போதெல்லாம் கங்காணி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் இருபது மைல் சுற்றளவில் பெயர் போகும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இவனும் கள்ளன்தானா என்று பாண்டி எழுந்து நேராகக் கள்ளுஷாப்புக்குப் போய்விட்டால்? சொல்லாமல் விட்டாலும் போகத்தான் போகிறான். எந்தப் பக்கம் திரும்பினாலும் பாண்டியின் ஜீப் அந்த வளைவிலேயே போய் நின்றது.

உபதேசியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கங்காணி மேடையேறி மைக்கைப் பிடித்தார். பழகிய வாய், யாரையும் கேட்காமல் அதுவாகவே போனது. மே மாதம், உபவாச ஜெபம், ஓடை. வெள்ளி டப்பாவை வீசும் இடமும் வந்தது. ஜனங்கள் அல்லேலூயா சொல்லத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். “அந்த நிமிசமே” என்றார். பாண்டி கண்ணை மூடிக்கொண்டு கையைக் கூப்பியிருந்தான். அதற்கு மேல் கங்காணிக்கு வரவில்லை.

இடுப்பில் கையை விட்டு டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தார். மைக்கின் பக்கத்தில் வைத்ததால் டொக்கென்று பந்தல் முழுக்கக் கேட்டது.

“இது அட்டைக்கு வச்சிருக்கது” என்றார்.

கொழுந்து பறிக்கிற பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல், மாசி மாசத்தில் ஏது அட்டை என்று கேட்டது. ஊரறிந்த குரல். சுருளியம்மாள், கூட்டத்தோடு கூட்டமாக வந்திருந்தாள். பந்தலே சிரித்தது. கங்காணிக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

“அட்டை இல்லதான். நானும் தேடிப் பாத்துட்டேன்.”

அப்புறம் ஒன்றுவிடாமல் சொன்னார். இடது மூக்குச் சட்டம், ஞாயிற்றுக்கிழமைச் சட்டம், குழாயடி, வயிற்றுவலி எல்லாம் சொன்னார். அன்றைக்கு வீசிய டப்பா வெள்ளி இல்லை, தகரம் என்றார். அது ஆறு இல்லை, முழங்கால் அளவு ஓடை என்றார். ஜனங்கள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

“அன்னைக்கு டப்பாவத் தூக்கி எறிஞ்சேன், நெசம். ஆனா ஆசை அந்த நிமிசமே போகல. போச்சுன்னு நான்தான் சொன்னேன். ஆண்டவர் விடுதலை குடுக்கலைன்னு சொல்லல. அவரு குடுக்குறதுக்கு முன்னாலயே வாங்கிட்டேன்னு கூட்டம் கூட்டமாப் போயிச் சொல்லிட்டேன். பெறகு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்க? தெனமும் தோத்தேன். தோத்தத யாருகிட்டயும் சொல்ல முடியல. பொடிய விட அதுதாங்க என்னையக் கட்டிப்போட்டுச்சு.”

பாண்டி எழுந்து நின்றான். போய்விடுவான் என்றுதான் கங்காணி நினைத்தார்.

“தெனமுமாண்ணே?”

“தெனமும்தாம்ப்பா.”

“இப்பவும் தேடுதா?”

“இப்பவும் தேடுது. டப்பாவப் பாத்துக்கிட்டே நிக்கேன்.”

பாண்டி பொத்தென்று உட்கார்ந்தான். முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். எட்டு மாசமாகத் தன்னை மட்டும்தான் ஆண்டவர் ஒதுக்கி வைத்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு, ஒதுக்கி வைக்கவில்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. நிமி அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும் போலத்தான் இருந்தது.

உபதேசியார் எழுந்தார். ஒரு மணி நேரப் பிரசங்கம் எழுதி வைத்திருந்தவர், காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, ஜெபிப்போம் என்றார். அந்தக் கன்வென்ஷனில் அதுதான் நல்ல பிரசங்கம் என்று பிறகு பலர் சொன்னார்கள். அடுத்து வந்த திருவிருந்து ஞாயிறன்று கங்காணிக்கு வயிற்றுவலி வரவில்லை. வரிசையில் முதல் ஆளாக நின்றார்.

திரும்பும்போது ஜீப்பில் அன்னாளும் இருந்தாள். கங்காணி தயங்கித் தயங்கி, உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டார்.

“நீங்க மொதக் கைக்குட்டையத் தொவைச்ச அன்னைக்கே தெரியும்” என்றாள். “பொடிய விடுங்க, நானும் கூட ஜெபிக்கேன். தொவைக்கிறத மட்டும் விட்றாதிய.”

டப்பா இப்போது பாண்டியின் ஜீப்பில், கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. சாயங்காலம் வேலை முடிந்ததும் கங்காணி போய் ஜீப்பின் முன்சீட்டில் ஏறிக்கொள்கிறார். அவருக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் கிடையாது. மறுபடியும் ஜூன் வந்து, மழையும் அட்டையும் வந்துவிட்டன. கங்காணியின் இடுப்பில் உப்புப் பொட்டலம் இருக்கிறது. உப்புக்கும் அட்டை விழும் என்பது அந்த மலையில் எல்லாருக்கும் எப்போதும் தெரிந்த விஷயம்தான்.

இரண்டாம் வளைவு வரும்போது கங்காணி கேட்பார்.

“தொண்டை?”

“காயுதுண்ணே. மூக்கு?”

“அரிக்குது.”

ஜீப் கள்ளுஷாப்பைத் தாண்டி நேராகப் போகும்.