தொண்ணூறு வரி

"ட்ரிங்க், ட்ரேங்க், ட்ரங்க். ஈட், ஏட், ஈட்டன்..."

"நில்லு. ட்ரைவ முழுங்கிட்ட. மொதல்லருந்து வா" என்றாள் முனியாயி, சாமைக் காட்டுக் களையிலிருந்து தலையைத் தூக்காமலே.

வரப்பில் உட்கார்ந்திருந்த மகள் ராதிகா புத்தகத்தைக் கவிழ்த்தாள். "எழுத்தே தெரியாது, நீ எனக்கு டீச்சரு."

"தெரிஞ்சவ ரெண்டு தடவ கோட்ட விட்டியே. வா."

முனியாயி கைநாட்டு. ஆனால் மகள் இரண்டு வருஷமாகக் கத்திப் படித்ததில், இங்கிலீஷ் வினைச்சொற்கள் மூன்று மூன்றாகத் தொண்ணூறு வரியும் அவள் காதில் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. ஒன்றுக்கும் அர்த்தம் தெரியாது. எதற்குப் பின் எது என்று மட்டும் தெரியும். நடுவில் எடுத்தால் அவளுக்கே பிடி கிடைக்காது. அதனால் எங்கே தவறினாலும் முதலிலிருந்தே சொல்லவைத்தாள். பத்தாம் வகுப்பில் இந்த ஒரு பாடம்தான் பாக்கி. தேறினால் தருமபுரியில் நர்சிங் உதவியாளர் படிப்பு. தோற்றால் தன் அக்கா மகன் மாதவராஜுக்குக் கட்டிக்கொடுப்பதாக அவள் அப்பா சங்கர் சொல்லியிருந்தான். ராதிகாவுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது.

பரீட்சை எழுதிவிட்டு மலை பஸ்ஸில் வந்து இறங்கியவள், வீட்டுக்கு வந்து பையைத் திண்ணையில் போட்டாள்.

"அந்தத் தொண்ணூறுல கேட்டாங்களா?"

"கேட்டாங்க. எல்லாம் சரியாத்தான் எழுதுனேன்."

"அப்புறம் என்ன?"

"ஒவ்வொண்ணுக்கும் மொதல்லருந்து சொல்லிப் பாத்தாதாம்மா வருது. டீச் எங்கியோ கடைசில இருக்குது. அங்க போய்ச் சேர்றதுக்குள்ள நேரம் போயிருச்சு. லெட்டரு எழுதல. கட்டுரை எழுதல. பேப்பர வாங்கிட்டாங்க."

முனியாயி அடுப்புக்கு விறகு எடுக்கப் போனாள். போனவள் விறகுக் கட்டின் பக்கத்திலேயே நின்றாள்.

அடுத்த மாதம் முடிவு வந்தது. நான்கு மார்க்கில் போய்விட்டது. ராதிகா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ எழுதட்டும்ங்க" என்றாள் முனியாயி கணவனிடம். "தப்பு எம்மேல. நாந்தான் அப்பிடிப் பழக்கிட்டேன்."

சங்கர் சிரித்தான். "உனக்கு அ, ஆவே தெரியாது. இங்கிலீசுல நீ என்னடி தப்புப் பண்ண முடியும்?"

"அக்காகிட்டச் சொல்லிர்றேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் பாறையை நோக்கி ஏறினான். முனியாயி வாசலில் நின்று பார்த்தாள். பாறை உச்சியில் அவன் போனைக் காதில் வைத்தான். இவ்வளவு தூரத்துக்குப் பேச்சு கேட்கவில்லை. அவனுடைய இன்னொரு கை மட்டும், எதிரே ஆள் நிற்பதுபோல், எழும்பி எழும்பித் தாழ்ந்துகொண்டிருந்தது.