உப்பா, உசுரா

ஊமையாகி இன்றோடு ஒன்பது நாள், கம்ப்யூட்டர் திரையில் சத்தத்தின் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருக்கிறது, பாட்டின் கடைசி அடி விழுந்த இடத்தில் குன்றாக எழும்பி, சரிந்து, மெலிந்து, நூலாகி, நூலும் தேய்ந்து இனி ஒன்றுமில்லை என்கிற இடத்தில், கொசு கடித்த தடிப்பு மாதிரி ஒரு சின்ன மேடு, எத்தனை முறை ஓடவிட்டாலும் அதே இடத்தில் அதே மேடு, அதற்குச் சொந்தக்காரி யார் என்பது இந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும், சொல்லத்தான் வாய் இல்லை. எனக்குப் பின்னால் மூன்று பேர் நிற்கிறார்கள், ஒருவன் கையில் எலுமிச்சம்பழம், ஒருவன் கையில் மாதா கோயில் தீர்த்தம், இன்னொருவன் கையில் ஒன்றுமில்லை, அவன் கையால்தான் என்னோடு பேசுகிறான்.

நான் பிறவி ஊமை இல்லை. வீட்டில் அம்மா, இவ வாயை ஒரு நிமிசம் மூடுதாளா பாரேன் என்றுதான் தலையில் அடித்துக்கொள்வாள், வாசலைத் தாண்டினால்தான் தொண்டைக்குள் தாழ்ப்பாள் விழும், கல்லூரியில் மூன்று வருடமும் வருகைப்பதிவில் என் பெயர் வரும்போது பக்கத்தில் இருக்கிற வேணிதான் பிரசன்ட் மேடம் என்பாள், வேணிக்கு அம்மை போட்டிருந்த நாட்களில் நான் வகுப்பில் உட்கார்ந்தபடியே விடுப்பில் இருந்தேன், அப்படியே இயற்பியலில் பட்டம் வாங்கி, நேர்முகத் தேர்வு என்றால் காய்ச்சல் வருகிற காரணத்தால், பாளையங்கோட்டையில் மருந்துக்கடை மாடியில் இருக்கிற சித்தப்பாவின் ஒலிப்பதிவு ஸ்டுடியோவில் வந்து உட்கார்ந்தேன், மாதா பாட்டு, அம்மன் பாட்டு, தேர்தல் ஆட்டோவில் வாக்கு கேட்கிற குரல், எல்லாவற்றையும் வெட்டி ஒட்டித் துப்புரவாக்குகிற வேலை, குரல்களோடு மட்டும் பழக்கம், ஆட்களோடு இல்லை, இதைவிட நல்ல உத்தியோகம் எனக்கு அரசாங்கத்தில்கூடக் கிடையாது. இந்த மூன்று பேரும் கிடார், டிரம்ஸ் சகிதம் மாடி ஏறி வந்த அன்று சித்தப்பா ஊர் ஊராக அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக்செட் போடக் கிளம்பிக்கொண்டிருந்தார், ஒரு கால் தரையில், ஒரு கால் லோடு வேனில், எல்லாத்தையும் எங்க அண்ணன் மக பாத்துக்கிடுவா, கெட்டிக்காரி, ஆனா பேசமாட்டா, என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டார், அதிகம் என்று ஒரு சொல்லை நடுவில் போட்டிருக்கவேண்டும், வேன் உறுமலில் அதை விழுங்கிவிட்டார். பேசமாட்டா. நயினாரின் முகம் சட்டென்று உருகியது, அவன்தான் பாடுகிறவன், ராயப்பன் நெற்றியிலிருந்து நெஞ்சுவரை சிலுவை போட்டுக்கொண்டான், அவன் டிரம்ஸ், பாஸ் கிடார் கலீல் மட்டும் என்னைப் பார்த்து மெதுவாக, உதட்டை அகல விரித்து, வ ண க் க ம் என்றான், நான் தலையாட்டினேன், அவ்வளவுதான், ஊமையாகிவிட்டேன்.

மறுத்திருக்கலாம், இல்லைங்க, எனக்குப் பேச வரும் என்று ஒரே ஒரு வாக்கியம், ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடிகிற பெண்ணாக இருந்தால் நான் ஏன் மருந்துக்கடை மாடியில் உட்கார்ந்திருக்கப்போகிறேன், அதோடு இரண்டாம் நாளே எனக்கு அது பிடித்துப்போயிற்று, யாரும் என்னிடம் எதையும் கேட்பதில்லை, கேட்டாலும் பதிலை எதிர்பார்ப்பதில்லை, சித்தப்பா போன் செய்தால் மட்டும் மாடிப்படிக்கு ஓடிப்போய்ப் பேசிவிட்டு வருவேன். ராயப்பனுக்கு ஒரு சந்தேகம், ஏலே, காது கேக்காத புள்ளையா மிக்சிங் பண்ணுது என்று என் தலைக்கு மேலேயே கேட்டான், காதெல்லாம் கேக்கும்லே, வாய்தான், என்றான் கலீல், அப்போ நாம பேசுறது எல்லாம் கேட்டிருக்குமோ என்று ராயப்பன் முந்தின நாள் முழுக்கத் தான் பேசியதை நினைத்துப் பார்த்துச் சிவந்துபோனான். கலீலோ எனக்காகவே கைபாஷை ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தான், சத்தம் கூட்ட உள்ளங்கையை உயர்த்துவான், குறைக்க மாவு பிசைவதுபோல அமுக்குவான், நன்றாக இருக்கிறது என்றால் ஐந்து விரலையும் குவித்து முத்தமிடுவான், பிரியாணிக்குச் செய்வதுபோல, டீ வேண்டுமா என்பதற்குக் கட்டைவிரலை வாய்க்குக் காட்டப்போய் எதிரே நின்ற மருந்துக்கடைக்காரர் அதைப் பார்த்து முகம் சுளித்தார், மறுநாளிலிருந்து டீக்கு டம்ளரை ஆற்றுகிற சைகை, ஒரு கை மேலே, ஒரு கை கீழே, அவ்வளவு அழகாக ஆற்றுவான், நான் வேண்டாம் என்று தலையாட்ட நினைத்தாலும் ஆட்டமாட்டேன்.

சித்தப்பாவிடம் ஒரு பெட்டி நிறைய ராக் கேசட்டுகள் இருந்தன, பள்ளிக்கூட வயதில் விடுமுறை முழுக்க அதன் முன்னால்தான், பாட்டில் ஒரு வார்த்தை விளங்காது, அதனால் பாட்டுக்காகக் கேட்டதில்லை, பாட்டுக்கு முன்னாலும் பின்னாலும் தெரியாமல் மாட்டிக்கொண்ட சத்தங்களுக்காகக் கேட்டேன், ஒன்றில் கிடார் தொடங்குமுன் யாரோ நாற்காலியை இழுப்பார்கள், ஒன்றில் நடுவே ஒரு தும்மல், தும்மலுக்குப் பின் யாரோ என்னமோ சொல்ல ஐந்தாறு பேர் சிரிப்பார்கள், ஒன்றில் எல்லாம் முடிந்து நாடா தீரப்போகிற நேரத்தில் ஒரு ஆள் அலுத்த குரலில் ஏதோ கேட்பான், அவன் கேட்டது, சாப்பிடப் போவோமா, என்பதுதான் என்று நானே முடிவுசெய்து வைத்திருந்தேன், இன்றுவரை அதுதான் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த ஆங்கில வரி. பாடும்போது எல்லாரும் வேறு யாராகவோ இருக்கிறார்கள், தும்மும்போதுதான் அவர்களாக இருக்கிறார்கள் என்று தோன்றும். ஆகவே இங்கே என் வேலை வெட்டுவதாக இருந்தாலும் வெட்டியதை நான் எறிவதில்லை, கம்ப்யூட்டரில் குப்பை என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் பாடகர் குழு அண்ணாச்சி, ஏ மரியபுஷ்பம், அல்லேலூயாவுல கொட்டாவி விடாத, என்று அதட்டியது, வெற்றி வேட்பாளரே என்று முழங்கிய குரல் அதே மூச்சில், ஏய் ஃபேனைப் போடுங்கல, வேகுது, என்றது, அம்மன் பாட்டுக்காரர் உச்சத்தில் நிற்கையில் கீழே மருந்துக்கடையில் ஒருவர், மூலத்துக்கு என்ன இருக்கு, என்று கேட்டது, எல்லாம் பத்திரமாக இருக்கிறது, மனசு சரியில்லாதபோது வரிசையாக ஓடவிட்டுக் கேட்பேன், சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

ஆறாம் நாள் இவர்கள் அந்தப் பாட்டை வாசித்தார்கள், இடிவிழுவான் என்பது இவர்கள் கோஷ்டியின் பெயர், எங்கள் பக்கத்தில் தாய்மார்கள் பிள்ளைகளைத் திட்டுகிற வார்த்தை, ஆனால் அந்தப் பாட்டில் இடியே இல்லை, ஆற்றுப்பாலத்துக்கு அடியில் வெயிலுக்கு ஒதுங்கி நிற்கிற ஒருவனைப் பற்றி நயினார் ஐந்து வருடமாக எழுதி அடித்து எழுதியது, மூன்று பேரும் ஒரே கூடத்தில் ஒரே மூச்சில் வாசித்தார்கள், அதற்கு முன் பதினேழு முறை முயன்று ஒன்றும் தேறவில்லை, பதினெட்டாவதில் என்னவோ வந்து இறங்கிவிட்டது, கூடத்தையும் என் அறையையும் பிரிக்கிற கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கை ரோமம் எல்லாம் எழுந்து நின்றது, கடைசி அடி விழுந்து அந்த ஓசை தேய்ந்துகொண்டே போகிறது, தேயும் ஆனால் சுழியத்தை ஒருபோதும் தொடாது என்று சமன்பாட்டோடு எழுதி நான் ஐந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன், அது எவ்வளவு உண்மை என்று அன்றுதான் காதால் பார்த்தேன், அழுகை வரும்போல இருந்தது, எனக்கு அழுகை வந்தால் பசிக்கும், டிபன் டப்பாவைத் திறந்து எலுமிச்சைச் சாதத்தில் ஒரு வாய் வைத்தேன், அம்மா அவசரத்தில் மறந்திருக்கிறாள், உப்பில்ல, என்றேன், எனக்குள்தான் சொன்னேன். டப்பாவை எதன் மேல் வைத்திருந்தேன் என்பதைப் பிறகுதான் பார்த்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களோடு பேசுவதற்கு, சத்தங்களைக் கலக்குகிற மிக்சரில் ஒரு பொத்தான் உண்டு, அமுக்கினால் நம் குரல் கூடத்து ஸ்பீக்கரில் விழும், நான் வாழ்நாளில் அமுக்காத பொத்தான், அதன் மேல் என் டப்பா உட்கார்ந்திருந்தது. உப்பில்ல என்பதில் ப்ப் என்பது உதடு மூடித் திறக்கிற ஒரு சின்ன மௌனம்தான், அந்த மௌனத்தை ராயப்பனுடைய சிம்பலின் மிச்ச இரைச்சல் ஸ் என்று நிரப்பிவிட்டது, கூடத்து எதிரொலி மீதியைக் கவனித்துக்கொண்டது, காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருந்த மூவருக்கும் அப்போது கேட்கவில்லை, அங்கிருந்த மைக்குகளுக்குக் கேட்டுவிட்டது.

போட்டுக் கேட்டார்கள், கண்ணை மூடிக் கேட்டார்கள், கடைசி ஓசை தேய்ந்ததும் எங்கிருந்தோ ஒரு பெண் குரல், மெலிந்து, அலுத்து, உசுரில்ல, என்றது. ராயப்பன் உட்கார்ந்திருந்த ஸ்டூலோடு பின்னால் சாய்ந்தான், யாருலே அது, இங்க பொம்பளையே கிடையாதே என்றான், நான் அங்கேதான் இருந்தேன், என்னைக் கணக்கில் சேர்க்கவில்லை, எனக்குத்தான் குரல் கிடையாதே. தனக்கு உசுரில்லன்னு அதுவே சொல்லுதுலே, பாவம், செத்துப்போனது அதுக்கே இப்பதான் தெரியும்போல, என்றான் ராயப்பன், நயினார் திரும்பத் திரும்பக் கேட்டான், அவன் முகம் இருண்டுகொண்டே போனது, அது அதைச் சொல்லல மக்கா, என் பாட்டைச் சொல்லுது, பாட்டுல உசுரில்லங்குது, என்றான், அஞ்சு வருசம்லே, எனக்கே உள்ளுக்குள்ள அந்தச் சந்தேகம் உண்டு, ஒரு பேய்க்குத் தெரிஞ்சிருக்கு பாரு. கலீல் தலையைச் சாய்த்து, எனக்கு உப்பில்லன்னு கேக்கு என்றான், எனக்கு உயிரே வந்தது, அவன் காது நல்ல காது என்று நினைத்து முடிப்பதற்குள் ராயப்பன் துள்ளினான், அதேதான், பேய்க்குப் படைக்கிற சோத்துல உப்பு போடமாட்டாவல்லா, அதான் கேக்குது, நீ உப்புன்னு சொன்னாலும் அது பேய்தாம்லே. உசுரானாலும் பேய், உப்பானாலும் பேய், தப்பிக்க வழியில்லை, நான் டிபன் டப்பாவைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினேன்.

இரண்டு நாள் ராயப்பன் கூடத்துக்குள் கால் வைக்கவில்லை, நயினார் சாப்பிடவில்லை, கீழே மருந்துக்கடைக்காரர் மாடியில என்னமோ நடமாடுதாமே என்று வாங்க வந்தவரிடம் சொல்வது எனக்கே கேட்டது, திங்கட்கிழமை வரவேண்டிய மாதா பாட்டுக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள், சித்தப்பா திரும்பி வரும்போது ஸ்டுடியோவுக்கு ஆளே இருக்காது. இரண்டு ராத்திரியும் கண்ணாடி முன் நின்று நான்தான் சொன்னேன் என்று பழகிப் பார்த்தேன், வீட்டில் நன்றாகத்தான் வந்தது, அம்மா அடுக்களையிலிருந்து, எதைச் சொன்ன, யார்ட்ட சொன்ன, எவன் அவன், என்றாள்.

இப்போது ஒன்பதாம் நாள், திரையில் அதே குன்று, அதே நூல், அதே தடிப்பு. நயினார் என் பக்கத்தில் குனிந்து, எனக்குப் புரியவேண்டுமே என்று ஆள்காட்டி விரலால் தன் கழுத்தை அறுத்துக் காட்டுகிறான், பாட்டை அழிச்சிரு தங்கச்சி, முழுசா, அது சொன்னது சரிதான். நான் தலையை ஆட்டுகிறேன், மாட்டேன் என்று, அவன் அதைச் சரி என்று எடுத்துக்கொள்கிறான், எங்கள் ஊரில் தலையாட்டலுக்கு எந்த அர்த்தமும் உண்டு, இல்லைலே, வேண்டாங்குது, என்கிறான் கலீல், அவனுக்கு மட்டும் புரிகிறது, என்னைப் பார்த்து ஐந்து விரலையும் குவித்து முத்தமிட்டுக் காட்டுகிறான், பாட்டு நல்லாயிருக்கா என்று கேட்கிறான், நானும் விரலைக் குவிக்கிறேன், உதட்டுக்குக் கொண்டுபோகிறேன், வாழ்நாளில் நான் செய்த துணிச்சலான காரியம் அதுதான், ஆனால் நயினார் திரும்பிக்கொண்டுவிட்டான், ஒரு ஊமைப் பிள்ளையின் இரக்கம் அவனுக்குப் போதவில்லை, மௌசை அவனே எடுக்கிறான், அம்பு அந்தப் பாட்டின் மேல் போய் நிற்கிறது. அழிக்கதுக்கு முந்தி மந்திரிச்சிரணும்லே, இல்லன்னா மெஷினுக்குள்ளயே தங்கிரும், என்கிறான் ராயப்பன், மந்திரிக்கதை ரெக்கார்டு பண்ணுங்கல, அது திரும்பப் பேசுதான்னு பாப்போம், என்று கலீல் மைக்கை இழுத்து என் முன்னால் வைக்கிறான், சிவப்பு விளக்கு எரிகிறது, ராயப்பன் கண்ணை மூடி ஜெபித்தபடி தீர்த்தப் பாட்டிலைத் திறந்து, நாற்பத்தெட்டுப் பொத்தானும் கரண்டும் சித்தப்பாவின் கடனும் ஓடுகிற மிக்சருக்கு நேர் மேலே சாய்க்கிறான், ஐயோ அதுல கரண்டு ஓடுது, ஊத்தாதீங்க!

யார் கத்தியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். பாட்டில் அந்தரத்தில் நின்றது, நயினார் கையிலிருந்த எலுமிச்சம்பழம் உருண்டு மேசைக்கு அடியில் போய் டிபன் டப்பாவில் முட்டி நின்றது, யேசுவே, இந்தப் புள்ள மேல ஏறிட்டுலே, ஊமைப் புள்ள மேல ஏறிட்டு, என்று ராயப்பன் சுவரோடு ஒட்டிக்கொண்டான், இல்ல, உப்பில்ல, என்றேன் நான், அதைச் சொல்லியிருக்கக் கூடாது, அந்தா, அதே குரல்லே, என்று அவன் அலறிவிட்டான், எலுமிச்சைச் சாதத்துல உப்பில்ல, அதைத்தான் சொன்னேன், எங்கம்மா மறந்துட்டாவ, பாட்டுல உசுரு இருக்கு அண்ணே, அழுகையே வந்துட்டு எனக்கு, அதான் சாப்பிட்டேன், அழிக்காதீங்க, என்று தாழ்ப்பாள் விழுந்த இடத்திலிருந்து எல்லாம் ஒன்றாக வந்து கொட்டியது, நயினாரின் விரல் மௌசிலிருந்து மெல்ல விலகியது. கலீல் மட்டும் அசையவில்லை, கையைத் தூக்கினான், பழக்கம், ஒரு கை மேலே, ஒரு கை கீழே, டீ ஆற்ற ஆரம்பித்து, பாதியில் நின்று, அப்போ நீங்க, என்றான் வாயால். திரையில் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருக்கிறது, கொசுக்கடி இல்லை இப்போது, என் அலறல் ஒரு மலை, எங்கம்மா மறந்தது ஒரு மலை, மலை மலையாக ஒரு மேற்குத் தொடர்ச்சியே நிற்கிறது, கடைசியில் நூல், நூல் தேய்ந்து தேய்ந்து சுழியத்தைத் தொடாமல் எனக்காகக் காத்திருக்கிறது, மைக்கை நான் வாய்ப் பக்கம் இழுத்துக்கொள்கிறேன், நான் பேசுவேன்.