தாமதம், மறு மாதிரி தேவை

1

இந்தக் கதையை அக்கா எனக்குத் தரவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். அவள் ஆய்வகத்தில் இரத்தம் பரிசோதிப்பவள். ஒரு மதியம் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "இதை எழுதித் தொலைக்காத" என்றாள். எழுதுகிறவனிடம் வந்து சொன்னால் வேறென்ன நடக்கும்?

முதல் தொடக்கம்: 'அத்தான் இரண்டு இடது கைகளை வெட்டிய அன்று மழை கொட்டோ கொட்டென்று...'

(விட்டுவிட்டேன். அன்று மழையெல்லாம் இல்லை, வெயில்.)

2

அத்தான் தையல் கடையில் துணி வெட்டுபவர். முப்பது வருஷப் பழக்கம். ஒரு நாள் ஒரே சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாக வெட்டிவைத்தார். முதலாளி சிரித்தார். மறு வாரமும் அப்படியே வெட்டியபோது சிரிக்கவில்லை. கால் வேறு மரத்துப்போகிறது, தரை பஞ்சு மாதிரி இருக்கிறது என்று அத்தான் புலம்பவே, மருத்துவர் ஹோமோசிஸ்டைன் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்.

அது உடம்பு தானே உண்டாக்கித் தானே செலவழிக்கும் பொருள். செலவழிக்க பி12 போன்ற வைட்டமின்கள் வேண்டும். இல்லையென்றால் இரத்தத்தில் தேங்கும். மூளையும் நரம்பும் வாடும். அத்தான் பத்து வருஷமாக விழுங்கிய சர்க்கரை மாத்திரை அந்த வைட்டமினை உடம்பில் ஒட்டவிடாமல் செய்திருந்தது.

(கட்டுரை மாதிரி ஆகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். இது தெரியாவிட்டால் அடுத்தது உங்களுக்கு வலிக்காது.)

3

இந்தப் பரிசோதனைக்கு எடுத்த இரத்தத்தை உடனே பனிக்கட்டியில் வைத்து, சீக்கிரம் சுழற்றிப் பிரிக்க வேண்டும். தாமதித்தால் குழாய்க்குள்ளேயே அளவு ஏறிவிடும். வெளி மையங்களிலிருந்து வரும் குழாய்களோ ஊரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் வரும். அதனால் அளவு எகிறினாலே அக்கா நம்பமாட்டாள்.

அத்தான் இரத்தம் கொடுத்தது கடைக்குப் பக்கத்து மையத்தில். அங்கிருந்து அது அக்காவின் ஆய்வகத்துக்குத்தான் வந்தது. குழாயில் பெயர் இருக்காது, எண்தான். பதினைந்துக்குள் இருக்க வேண்டியது நாற்பத்திரண்டு காட்டியது. யாருடையது என்று அக்கா திறந்து பார்க்கவில்லை. 'தாமதம், மறு மாதிரி தேவை' என்று பதிந்துவிட்டு அடுத்த குழாயை எடுத்தாள்.

மறுபடி வரும்படி அத்தானைத் தொலைபேசியில் அழைத்தார்கள். சரி என்றார். மறந்துபோனார். பரிசோதனை என்ன ஆச்சு என்று அக்கா கேட்டதற்கு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறதாம் என்று சொல்லியிருக்கிறார்.

பதினொரு மாதம் போயிற்று. கடைக்குப் போகும் வழி மறந்தது. ஒரு நாள் வேலை முடிந்து வந்த அக்காவை வாசலில் நிறுத்தி, யாரைப் பார்க்க வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டார். பெரிய மருத்துவமனையில் பழைய பதிவைத் தேடி எடுத்துக் காட்டினார்கள். அடியில் அக்காவின் பெயர் இருந்தது.

4

இந்த இடத்தில் எனக்கு அக்கா மேல் சந்தேகம் வந்தது. அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை எழுந்துபோய்ப் பார்க்கிறவள் இதைப் பார்க்காமல் விடுவாளா? அதனால் ஒரு வரைவில் தவறை வேறொரு ஊழியர் தலையில் கட்டினேன். அதை அவள் பார்த்துவிட்டாள்.

"எழுதினா ஒழுங்கா எழுது. அது நான்தான்."

5

வீட்டிலேயே அக்கா பி12 ஊசி போடுகிறாள். திரும்புவது திரும்பும், எவ்வளவு என்பது ஆறு மாதத்தில் தெரியும் என்கிறார் மருத்துவர்.

முடிவு ஒன்று: அத்தான் தேறவில்லை. அவருக்கு எதுவும் தெரியாமலே போகிறது.

முடிவு இரண்டு: தேறுகிறார். தேறி,

(இதற்கு மேல் ஓடவில்லை. அக்காவுக்கும் ஓடவில்லை.)

"அவர் தேறணும்னுதான்டா தினம் வேண்டிக்கிறேன். தேறி வந்து, ஏன் இவ்வளவு நாள் விட்டேன்னு கேட்டா? என் வாயால வராது. அச்சாகி வரட்டும், அவர் கையில குடுத்துடறேன்."

6

போன வாரத்திலிருந்து அத்தான் படிக்கிறார், விரல் வைத்து, வரி வரியாக. நாலு பக்கம் தாண்டினால் முதல் பக்கம் நினைவில் இருப்பதில்லை. அதனால்தான் கதையை இவ்வளவு சின்னதாக முடிக்கிறேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

அத்தான், இதுவரை வந்துவிட்டீர்களா? அக்கா பக்கத்து அறையில்தான் இருப்பாள். நீங்கள் கூப்பிடுகிறீர்களா என்று காது கொடுத்துக்கொண்டு நிற்பாள்.