பிரசித் பேருக்கு ஒரு அர்ச்சனை

விருத்தாசலத்தில் ராஜாம்பாளைத் தெரிந்தவர்களுக்கு அவள் மகள் வெண்பாவையும் தெரியும். இருவரில் ஒருத்தியை மட்டும் தனியாகப் பார்த்துவிட்டால், "எங்க இன்னொருத்தி?" என்றுதான் முதலில் கேட்பார்கள். வெண்பாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில் அவள் சொல்ல வேண்டியதையெல்லாம் அம்மாதான் சொல்லுவாள். கேட்பவர்களும் வெண்பாவைப் பார்த்துக் கேட்க மாட்டார்கள்; ராஜாம்பாளைப் பார்த்துத்தான் கேட்பார்கள்.

வெண்பா பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் கண்ணெழுதும் வேலை பார்த்தாள். சுட்டெடுத்த பொம்மைக்குப் புருவம், விழி, உதடு எல்லாம் அவள் தூரிகைதான். நல்ல சம்பளம், நல்ல பேர். ஆனாலும் காலையில் கம்பெனி வாசலில் கொண்டுபோய் விடுவதும், சாயங்காலம் போய் அழைத்து வருவதும் ராஜாம்பாளின் வேலையாக இருந்தது. மகளுக்கு வயது இருபத்தாறு ஆகியும் அது நின்றபாடில்லை.

"நாலு தெரு தாண்டுனா கம்பெனி. அவளே வந்துட மாட்டாளா? வுடு" என்பார் கணவர் உலகநாதன்.

"பின்னாடி லாரிக்காரன் ஆரன் அடிச்சா உங்க பொண்ணுக்குக் கேக்குமா?" என்பாள் ராஜாம்பாள்.

மூத்தவன் அறிவழகன் பேங்காக்கில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் இஞ்சினியர். அவன் மனைவி பிரபாவுக்கும் அங்கேயே வேலை. "ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க" என்று அவன் வருஷக்கணக்காகக் கூப்பிட்டு, கடைசியில் தானே டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டான். உலகநாதன் ஆடிப்பட்டத்து விதைப்பைச் சாக்குச் சொல்லிக் கம்மாபுரத்து நிலத்தை விட்டு நகரவில்லை. அம்மாவும் மகளும் மட்டும் கிளம்பினார்கள்.

அவர்கள் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே ஆடி வெள்ளி வந்தது. ஊரில் இருந்தால் அம்மனுக்குக் கூழ் ஊற்றியிருப்பாள். இங்கே நகரத்துக்கு நடுவில், சீலோம் என்ற தெருவில், ஒரு மாரியம்மன் கோயில் இருப்பதாகப் பிரபா சொன்னாள். ஆனால் அன்றைக்கு அவளுக்கும் அறிவழகனுக்கும் லீவு கிடைக்கவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் டாக்ஸியில போயிட்டு வாங்க. வெண்பா போன்ல ஆப் போட்டுத் தரேன்" என்றான் அறிவழகன்.

"அவ போன்ல எதுக்குடா? என் போன்ல போடு. அவ எப்படிப் பேசுவா?"

"பேசவே வேணாம்மா. அதுக்குத்தான் இது இருக்குது. போற எடத்தப் போட்டா வண்டி வாசலுக்கு வரும். எறங்க வேண்டிய எடத்துல எறக்கி வுடும். உனக்கு இதெல்லாம் வராது, அவளுக்கு வரும்."

அவன் சொன்னபடியே ஆனது. வெண்பா விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள், வண்டி வந்தது. ஓட்டுநர் தாய்லாந்து மொழியில் ஏதோ கேட்டார். வெண்பா போனைக் காட்டினாள், அவர் தலையாட்டினார், கோயில் வாசலில் கொண்டுபோய் இறக்கினார். பேரம் இல்லை, வழி கேட்கிற வேலை இல்லை. கோயிலில் தாய்லாந்துக்காரர்களே கூட்டமாக நின்று சாமந்தி மாலை சாத்திக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ராஜாம்பாள் வாய் நிறைய, "தாயே, இங்கயும் வந்து ஒக்காந்திருக்கியே" என்று சொல்லிக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாலையும் கையுமாக அம்மாவை நிற்கவைத்து வெண்பா ஒரு போட்டோ எடுத்தாள்.

திரும்புவதற்கு வண்டி கேட்டபோதுதான் அது நடந்தது. போனில் ஏதோ ஒரு குறிப்பு வந்தது. அதைப் படித்த வெண்பாவின் முகம் மலர்ந்தது. அம்மாவின் தோளைத் தட்டி, திரையில் இருந்த ஓட்டுநரின் படத்தைக் காட்டினாள். பிறகு தன் காதைத் தொட்டு, கையை இல்லை என்று விரித்தாள். மறுபடியும் படத்தைக் காட்டினாள்.

ராஜாம்பாளுக்குப் புரிய சிறிது நேரம் ஆயிற்று. "ரெண்டு பேருக்குமே கேக்காதா? அப்ப யாருதான் கேக்கறது?" என்று வாய்விட்டே சொன்னாள். வேண்டாம், வேறு வண்டி கூப்பிடு என்று அவள் கையாட்டுவதற்குள் வெள்ளைக் கார் வந்து நின்றுவிட்டது. வெண்பா முன் கதவைத் திறந்து உட்கார்ந்தும் விட்டாள்.

ஓட்டுநரின் பெயர் பிரசித். நாற்பது வயது இருக்கலாம். தாய்லாந்துக்காரர் என்றாலும் பெயர் நம் பக்கத்துப் பெயர் மாதிரி இருந்தது ராஜாம்பாளுக்குக் கொஞ்சம் ஆறுதல். இருக்கையின் பின்புறத்தில் ஒரு அட்டை தொங்கியது. இடப்பக்கம், வலப்பக்கம், நிறுத்து என்று படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். தொட்டுக் காட்டினால் போதும். வெண்பா தன் காதைத் தொட்டுக் காட்டியதும் அவர் ஒரு கணம் நம்பாமல் பார்த்தார். பிறகு சிரித்தார்.

சிக்னலில் வண்டி நிற்கும்போதெல்லாம் இருவரும் பேசினார்கள். அவருடைய சைகை வேறு, கடலூர்ப் பள்ளிக்கூடத்தில் வெண்பா கற்ற சைகை வேறு. ஒன்று புரியாவிட்டால் இன்னொரு விதமாகக் காட்டினார்கள். அதுவும் புரியாவிட்டால் காற்றில் படம் வரைந்தார்கள். வெண்பா தூரிகை பிடிப்பதுபோல் விரலை வைத்துக் கண்ணெழுதிக் காட்டினாள். அவர் தன் மனைவிக்கும் காது கேட்காது, மகளுக்குக் கேட்கும், மகள் இவ்வளவு உயரம் என்று காட்டினார். ராஜாம்பாள் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டில் அவளுக்கும் மகளுக்கும் இருந்த சைகை சாப்பிடு, தூங்கு, வா, போ, தலை வலிக்குதா என்ற அளவில்தான். மகள் தோள் குலுங்கச் சிரிப்பதை அவள் அன்றைக்குத்தான் அவ்வளவு நேரம் பார்த்தாள்.

வழியில் மழை பிடித்துக்கொண்டது. மேம்பாலத்துக்குக் கீழே வண்டிகள் நகராமல் நின்றன. ராஜாம்பாளுக்கு அடிவயிறு முட்டியது. வெட்கத்தை விட்டு மகளின் தோளைத் தட்டிச் சுண்டுவிரலைக் காட்டினாள். வெண்பா அதை எப்படிச் சொன்னாளோ, பிரசித் உடனே ஓரம் கட்டி ஒரு பெட்ரோல் பங்க்கில் வண்டியைத் திருப்பினார். கழிப்பறை இருக்கும் பக்கத்தையும் கை காட்டினார். ராஜாம்பாள் பையையும் போனையும் சீட்டிலேயே வைத்துவிட்டு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

வெளியே வந்தபோது வந்த வழியை விட்டு வேறு வாசலில் இறங்கிவிட்டாள். அது ஒரு சந்தை. தார்ப்பாய்க்குக் கீழே வரிசை வரிசையாகக் கடைகள். திரும்பி நடந்தாள், அது இன்னொரு வரிசையில் கொண்டுபோய் விட்டது. ஒரு வழியாகச் சாலைக்கு வந்து பார்த்தால் அங்கே பெட்ரோல் பங்க் இல்லை. நின்றிருந்த கார்களில் பாதி வெள்ளைக் கார்கள்.

"ஐயா, வெள்ளக் காரு... எம் பொண்ணு..." என்று ஒருவரை நிறுத்திக் கேட்டாள். அவர் சிரித்தார், ஏதோ சொன்னார், குடையைச் சாய்த்துக்கொண்டு போனார். இன்னொரு பெண் நின்று கேட்டாள். அவளும் புரியாமல் தலையை ஆட்டினாள். ஒருத்தரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் ராஜாம்பாளின் வாயிலிருந்து வந்த எதுவும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. தொண்டை நிறையப் பேச்சு இருந்தது. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. தன் மகள் பிறந்ததிலிருந்து இப்படித்தான் நின்றிருக்கிறாளா என்று ஒரு நினைப்பு வந்தது. அதைவிடப் பெரிய பயம் அடுத்து வந்தது: புள்ள முன்பின் தெரியாத ஆளோடு தனியாக வண்டியில் இருக்கிறாள்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாழைப்பழம் சுட்டு விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். எதுவும் கேட்கவில்லை. கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காரவைத்து, துண்டு ஒன்றைக் கொடுத்து, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தாள். ராஜாம்பாள் அங்கேயே உட்கார்ந்து வருகிற போகிற முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைகளுக்கு நடுவே முதலில் தெரிந்தது பிரசித்தான். தலையிலிருந்து கால் வரை நனைந்திருந்தார். ஒவ்வொரு கடையிலும் போனை நீட்டிக் காட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார். ராஜாம்பாள் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அவளைப் பார்த்ததும் அவர் திரும்பி, சந்தையின் மறு கோடியை நோக்கி இரண்டு கைகளையும் உயரத் தூக்கி ஆட்டினார். தார்ப்பாயில் மழை அடித்த இரைச்சலில் யாராவது கத்தியிருந்தால்கூடக் கேட்டிருக்காது. அந்தக் கை தெரிந்தது. அடுத்த வரிசையிலிருந்து வெண்பா ஓடி வந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

என்ன நடந்தது என்பதை அவள் பிறகு வண்டியில் போகும்போது போனில் தமிழில் எழுதிக் காட்டினாள். அம்மா வரவில்லை என்றதும் பிரசித் தானே போய்க் கழிப்பறைப் பக்கம் பார்த்திருக்கிறார். வேறு வாசல் இருப்பதைக் கண்டதும் அடுத்த சவாரி எதுவும் வராதபடி ஆப்பை நிறுத்திவிட்டார். கோயிலில் எடுத்த போட்டோவை வெண்பா போனிலிருந்து வாங்கிக்கொண்டு, அதன் கீழே, 'இந்த அம்மாவைப் பார்த்தீர்களா? மொழி தெரியாதவர்' என்று தாய்லாந்து எழுத்தில் எழுதி, வெண்பாவின் போனுக்கும் அனுப்பினார். நீ இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம் என்று இருவரும் பிரித்துக்கொண்டு கடை கடையாகக் கேட்டிருக்கிறார்கள். பயமாக இருந்ததா என்று ராஜாம்பாள் முகத்தால் கேட்டாள். வெண்பா எழுதினாள்: 'நீ கிடைக்கலன்னு பயம். அவர்கிட்ட பயம் இல்ல.'

வீட்டு வாசலில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. ராஜாம்பாளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கோயில் பையிலிருந்த தேங்காய் மூடியையும் வாழைப்பழத்தையும் எடுத்துக் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார். பிறகு அவள் கைகளைக் கூப்பினாள். அவரும் கூப்பினார்; அவளைவிடக் குனிந்து கூப்பினார். அந்த ஒன்றுக்கு மட்டும் யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் வெண்பாவின் மெசேஜைப் பார்த்துவிட்டுப் பதறிக்கொண்டு வந்த அறிவழகன் நடந்ததைக் கேட்டுவிட்டு, "அவருக்கு அஞ்சு ஸ்டார் போடலாம்மா" என்றான்.

"அஞ்சுதானா? அதுக்கு மேல இல்லியா?"

"அவ்ளோதாம்மா இருக்குது."

"என்னா கம்பெனியோ போ" என்றாள் ராஜாம்பாள். அவள் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு முதல் திங்கட்கிழமை. வெண்பா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். ராஜாம்பாள் உள்ளேயிருந்து வரவில்லை. வெண்பா எட்டிப் பார்த்தாள். அம்மா அடுப்படியிலிருந்தே கையை அசைத்து, போயிட்டு வா என்று காட்டினாள். வெண்பா நம்பாமல் இன்னொரு முறை பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாக நடந்தாள், யாராவது மனம் மாறிவிடுவதற்குள் போய்விட வேண்டும் என்பதுபோல.

"என்னா, நீ போவல?" என்று கேட்டார் உலகநாதன்.

"பேங்காக்குல அந்த மழையில என்னையே தேடிக் கண்டுபுடிச்சவ. இங்க நாலு தெருவுலயா தொலஞ்சி போவப்போறா?" என்றாள். ஆனாலும் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று மகளிடமிருந்து மெசேஜ் வரும் வரைக்கும் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

பிரசித்தின் குடும்பத்தோடு வெண்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேச ஆரம்பித்தாள். அவர் மனைவி துணி தைப்பவள். வெண்பா பொம்மைக்கு எழுதும் புருவங்களைப் பார்த்துவிட்டு, துணிப் பொம்மைக்கு அதே மாதிரி தைத்துப் படம் அனுப்பினாள். ராஜாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். கொஞ்சம் கொஞ்சமாக மகளிடம் கேட்டுக் கையைப் பழக்கிக்கொண்டாள். அவளுக்கு முதலில் நன்றாக வந்தது, "சாப்பிட்டாச்சா?" என்பதுதான். ஒவ்வொரு வாரமும் அதையே கேட்டாள். அவர்களும் ஒவ்வொரு வாரமும் தட்டைத் தூக்கிக் காட்டினார்கள்.

ஆவணிக் கிருத்திகைக்கு ஊருக்குப் பக்கத்திலிருக்கும் கொளஞ்சியப்பர் முருகன் கோயிலுக்குப் போனார்கள். கூட்டம் குறையக் காத்திருந்து ராஜாம்பாள் அர்ச்சனைத் தட்டை நீட்டினாள்.

"யார் பேருக்கும்மா?" என்றார் குருக்கள்.

"பிரசித்துங்க."

"நட்சத்திரம்?"

"தெரியாதுங்க சாமி. பேங்காக்குல இருக்காங்க. டாக்ஸி ஓட்டுறாங்க."

குருக்கள் ஒரு கணம் அவளைப் பார்த்தார். "சொந்தக்காரங்களா?"

ராஜாம்பாள் யோசித்தாள். ஆமாம் என்று சொன்னால் பொய், இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. "எனக்கு ஒதவி செஞ்சவருங்க. அவரு வண்டி ஓட்டும்போது ஒண்ணும் ஆவக்கூடாது. அவரு பேருக்கே பண்ணுங்க" என்றாள்.

குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மந்திரத்துக்கு நடுவில் அந்தப் பெயர் தெளிவாகக் கேட்டது. ராஜாம்பாள் மகளின் கையைத் தொட்டு, இப்போது சொல்கிறார் என்று காட்டினாள். வெண்பா கண்ணை மூடிக் கும்பிட்டாள். திருநீறும் பூவும் தட்டில் வந்ததும் அதைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். அங்கே அவர் சிக்னலில் நின்றுகொண்டிருந்தார் போலிருக்கிறது. கோயிலை விட்டு வெளியே வருவதற்குள் கூப்பிய இரண்டு கைகளின் படம் பதிலாக வந்துவிட்டது.