செங்கல் மேல் ஒரு பெட்டி

அக்காவின் பெட்டி இரண்டு செங்கற்களின் மேல் இருந்தது. வந்து மூன்று மாதமாகியும் அதிலிருந்த துணிகளை அவள் அலமாரியில் அடுக்கவில்லை. வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி பூட்டிவிடுவாள். அத்தானை விட்டு வந்த அன்று, தரைக்குக் கீழே இருந்த அறையைத்தான் அவளுக்கு ஒழித்துக் கொடுத்தோம். வீட்டில் வேறு இடமில்லை. அவள் கையோடு கொண்டுவந்தது அந்தப் பெட்டியும், தொட்டியில் ஓர் எலுமிச்சைச் செடியும்தான்.

மழைக்காலம் தொடங்கி, கீழறைச் சுவரில் ஈரம் கசிகிறதென்று தெரிந்ததும் நான் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினேன். கணக்கு வாத்தியார் கையில் பிரஷ் கிடைத்தால் சும்மா இருப்பாரா? ஈரம் தாங்கும் பெயின்ட்டை மூன்று கோட் அடித்தேன். சுவருக்கு அடித்ததைவிட என் சட்டைக்கு அடித்தது அதிகம். "இப்ப எப்படிக்கா இருக்கு?" என்று தினமும் கேட்பேன். "காஞ்சு கிடக்குடா" என்பாள். எனக்குப் பெருமை தாங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுந்து கீழே போன என் மனைவி போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"அண்ணி தரையைத் துடைச்சுப் பிழிஞ்சிட்டிருக்காங்க. பாதி வாளி தண்ணி. தினமும் நாம எந்திரிக்கறதுக்கு முன்னாடி இதான் வேலை போல."

எனக்குச் சுருக்கென்றது. நான் போய் நின்றதும் அக்கா துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். ஐம்பது வயதுப் பெண்பிள்ளை.

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா உனக்குத்தானே அலைச்சல். ரொம்ப முடியலேன்னா அங்கேயே திரும்பிப் போயிடலாம்னு இருந்தேன்."

அங்கே அவள் பேசினால் குற்றம், பேசாவிட்டால் திமிர். அவள் திரும்பிப் போய்விடுவாளோ என்று நிஜமாகவே பயந்துபோனேன்.

மறுநாளே கொத்தனாரை அழைத்து வந்தேன். மனிதர், பெயின்ட் உரிந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, "ரெண்டு நாள் யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தபோது தாளின் வெளிப்பக்கம் உலர்ந்திருந்தது. சுவரை ஒட்டிய பக்கம் முத்து முத்தாக நீர்.

"அறைக்குள்ள இருக்கிற ஈரம்னா வெளிப்பக்கம் வேர்க்கும். இது மண்ணுலேர்ந்து வருது சார். வெளிய போய்ப் பாப்போம்."

வெளியே சுவரோரம் எலுமிச்சை தளதளவென்று நின்றது. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயின் வாய் நேராக அதன் பாத்திக்குள் திரும்பியிருந்தது.

"இதை இப்படித் திருப்பினது யாரு?"

நான் தொண்டையைக் கனைத்தேன். அக்கா கொண்டுவந்த செடி வாடிவிடக் கூடாதென்று, அதைத் தொட்டியிலிருந்து எடுத்து அங்கே நட்டு, குழாயையும் திருப்பிவிட்டது நான்தான்.

"செடிக்கு ஊத்தினீங்களா, வீட்டுக்கு ஊத்தினீங்களா?" என்றார் கொத்தனார்.

முதலில் சிரித்தது அக்காதான். மூன்று மாதத்தில் அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

ஒரு வாரம் வேலை நடந்தது. செடியை வேர்மண்ணோடு பெயர்த்துப் பன்னிரண்டடி தள்ளி நட்டோம். கொத்தனார் சுவர் விரிசல்களைக் கொத்திவிட்டுக் கலவை வைத்து அடைத்தார். சுவரோரம் மண்ணைக் கொட்டி, தண்ணீர் வெளிப்பக்கம் ஓடுகிற மாதிரி சரிவாக இடித்துக் கெட்டிப்படுத்தினோம். அக்காவும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண் சுமந்தாள். கூரைக் குழாயோடு இன்னொரு நீளக் குழாயை இணைத்துத் தோட்டத்தின் கோடி வரை கொண்டுபோனோம்.

வியாழக்கிழமை மதியம் நல்ல மழை. பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி மூன்று பேரும் கீழறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி நேரம் கழித்து அக்கா உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். தரையையும் தடவினாள்.

"காஞ்சு கிடக்குடா," என்றவள் என் முகத்தைப் பார்த்தாள். "நம்பலேன்னா நீயே தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.

உச்சியிலிருந்த சின்ன ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த என் மனைவி, "குழாய் நடுவுல தொய்யுது பாருங்க, எதையாவது முட்டுக் குடுக்கணும்" என்றாள்.

நான் எழுவதற்குள் அக்கா எழுந்துவிட்டாள். பெட்டியைத் தூக்கித் தரையில் வைத்தாள். இரண்டு செங்கற்களையும் எடுத்துக்கொண்டு, குடைகூட இல்லாமல், மழைக்குள் படியேறிப் போனாள்.