ரிஸ்வானா பேசிய என் கேஸ்

"உங்க கேஸை கோர்ட்ல பேசப் போறோம்ணே" என்றாள் ரிஸ்வானா. சட்டம் படிக்கிற பெண், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான் கிள்ளானில் பிறந்தவன். இருபத்து மூன்று வயதாகியும் ஐசி என்கிற குடிமக்கள் அடையாள அட்டை இல்லை. அப்பா இந்த நாட்டுக்காரர். அம்மா தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவள். கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள். கல்யாணத்தைப் பதிந்ததோ நான் பிறந்த பிறகு. அதனால் சட்டத்தின் கண்ணுக்கு நான் அம்மாவுக்கு மட்டும் பிள்ளை. லைசென்ஸ் கிடையாது, பேங்க் கணக்கு கிடையாது. ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பலகைப் பட்டறையில் ஒளிந்து வேலை செய்கிறேன்.

பதிய ஏன் தாமதமானது என்று ரிஸ்வானா பிரிக்ஃபீல்ட்ஸில் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்து விசாரித்தாள். யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். அப்போது அம்மாவின் வேலை பெர்மிட் முடிந்திருந்தது. ஆபீசுக்குப் போனால் பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்று பயந்துவிட்டாள். இன்றுவரை எந்த அரசாங்க ஆபீஸ் வாசலையும் மிதிக்கமாட்டாள்.

குறித்த நாளில் இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். கோர்ட் ஏன் காலேஜுக்குள் இருக்கிறது என்று கேட்டேன்.

"இது மூட் கோர்ட்ணே. போட்டி. பெரிய பெரிய லாயருங்கதான் ஜட்ஜ்."

போட்டி என்றது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. வக்கீல்கள் என்றால் போட்டி போடத்தானே செய்வார்கள்!

காலையில் எனக்காகப் பேசினாள். அரசியலமைப்பைப் புரட்டிப் புரட்டி என்னமாய்ப் பேசினாள்! "இதில் அந்தப் பிள்ளை செய்த குற்றம் என்ன?" என்று அவள் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் தரப்பே வென்றது என்று ஜட்ஜ் அறிவித்ததும் வெளியே ஓடி அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஜெயிச்சிட்டோம்மா!"

மதியம் அதே ரிஸ்வானா, அதே கறுப்புக் கோட்டோடு எதிர் மேசையில் நின்றாள். இப்போது அரசாங்கத் தரப்பாம்.

"அந்தத் தாய் பெர்மிட் இல்லாமல் பதுங்கியிருந்தவள். சட்டத்துக்குப் பயந்து ஒளிந்தவளின் பிள்ளைக்குச் சட்டம் ஏன் கருணை காட்ட வேண்டும்?"

நான் தே தாரிக் கடையில் வாய்விட்டுச் சொன்ன அம்மாவின் பயம், மைக்கில் வந்தது. ஜட்ஜ் தலையாட்டி எழுதிக்கொண்டார். பின்னால் யாரோ "நைஸ் பாயிண்ட்" என்றான்.

கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "அண்ணே, ரெண்டு பக்கமும் ஜெயிச்சிட்டோம்! உங்க ஸ்டோரி செம ஸ்ட்ராங் லா!"

"அப்ப என் ஐசி?"

"ஐயோ, இது சும்மா போட்டி லாண்ணே." சிரித்தாள். "வாங்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

அவள் முகத்தில் துப்பாமல் வெளியே வந்தேன். என்னால் முடிந்த மரியாதை அவ்வளவுதான்.

வாசலில் போன் அடித்தது. அம்மா.

"கார்த்தி, அக்கம்பக்கம் எல்லாருக்கும் கேசரி குடுத்துட்டேன்பா. ஐசி எடுக்க எப்ப போகணும்? நானும் வரேன். ஜட்ஜே சொல்லிட்டாருல்ல, இனிமே ஆபீசுக்கு வர எனக்குப் பயமில்ல."