எடை மேடையில் மகாராணி

கரடி செத்த பிறகும் அதன் எடை நூற்று முப்பத்தெட்டு கிலோவாகவே இருந்தது. உடலை எடுக்க வந்த நான்கு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். காலிக் கூடையைத் தூக்கியதுபோல் அது சட்டென்று மேலே வந்துவிடவே, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, தள்ளுவண்டியைக் கவிழ்க்கப் பார்த்தார்கள். உடல் போய்விட்டது. இரும்பு எடை மேடை காலியாகக் கிடந்தது. அதன் முள் மட்டும் நூற்று முப்பத்தெட்டிலேயே நின்றது. அன்று செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதேகால், லேசான தூறல்.

அந்தப் பூங்காவில் மிதிபடகு விடும் ஏரி உண்டு, சைக்கிள் பாதை உண்டு, குடும்பத்தோடு வந்து சாப்பிட மர மேசைகள் உண்டு. மேற்கு மூலையில் ஒரு சின்ன மிருகக்காட்சிசாலை. மான்கள், குரங்குகள், எப்போதும் தூங்கி வழியும் ஓர் ஆந்தை, அப்புறம் இந்த ஒரே கரடி. குட்டியாகச் சாலையோரத்தில் கிடைத்தது. கைக்குட்டை அகலம்கூட இல்லாத அதற்கு யாரோ விளையாட்டாக மகாராணி என்று பெயர் வைக்க, அதுவும் வளர வளர அதற்கேற்ற நடையைக் கற்றுக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டவளை எல்லோரும் கரடியக்கா என்றார்கள். அவளைவிட வயதில் மூத்த மேலாளரும் அப்படித்தான் கூப்பிட்டார். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைக் கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

செவ்வாய்தோறும் எடை பார்ப்பது வழக்கம். அதற்காகக் கரடியக்கா இரண்டு விசில் பழக்கியிருந்தாள். நீளமாக ஒன்று ஊதினால், மேடையில் ஏறி அசையாமல் நில் என்று அர்த்தம். குட்டையாக இரண்டு ஊதினால், போதும், இறங்கிப் போ. ஆப்பிளும் அவித்த முட்டையும் அதற்குப் பிறகுதான். மேடையில் நிற்கும்போது மூக்குக்கு நேரே பழத்தை நீட்டினாலும் மகாராணி வாயைத் திறக்காது. ஒருமுறை அவசரமாகப் போன் வந்து கரடியக்கா அலுவலகத்துக்கு ஓடியவள், அப்படியே மறந்துபோய், ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினாள். கொட்டுகிற மழையில் கரடி மேடைமேல் தொப்பலாக நனைந்துகொண்டு நின்றது. அவளைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. அன்றைக்கு அவள் அதைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கடைசி நாளன்றும் நீள விசிலுக்கு ஏறியது. ஏறி நின்று, எடை காட்டி, அப்படியே முன்னங்கால் மடங்கிச் சாய்ந்தது. இருபத்தாறு வயது. கரடியக்காவின் வாயிலிருந்து விசில் நழுவி விழுந்தது. குட்டை விசில் இரண்டையும் அவள் ஊதவில்லை.

முதலில் முள் சிக்கிக்கொண்டது என்றார்கள். பழுது பார்க்க வந்தவர் மேடையைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் போட்டு, ஐம்பது கிலோ சிமென்ட் மூட்டையை ஏற்றினார். நூற்று எண்பத்தெட்டு காட்டியது. மேடை சரியாகத்தான் இருக்கிறது, மேலே நிற்பதை இறக்கிவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மேலாளர் நியாயஸ்தர். எடை இருக்கிறவரை மிருகம் இல்லை என்று எழுத முடியாது என்று, மாத அறிக்கையில் 'கரடி: ஒன்று, நின்றுகொண்டிருக்கிறது' என்று எழுதினார். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கரடிக்குத் தடுப்பூசி போடும் தேதி தாண்டிவிட்டது என்று மட்டும் நினைவூட்டல் வந்தது. ஊசியை எந்த இடத்தில் போடுவது என்று மிருக டாக்டர் கேட்டு எழுதியதற்கு இன்றுவரை பதில் இல்லை.

கரடியக்கா மட்டும் ஆச்சரியப்படவில்லை. முதல் நாளே, எல்லோரும் போன பிறகு, முள்ளைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. விசிலைத் துடைத்து வாயருகே கொண்டுபோனாள். ஊதினால் முள் கீழே இறங்கும், அதற்குப் பிறகு இந்தக் கூண்டில் யாரும் இருக்கமாட்டார்கள் என்று தோன்றியது. விசிலைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் வந்து மேடையைச் சுற்றிக் கழுவி, "என்ன மகாராணி, தூங்கினியா?" என்று கேட்டாள். அந்த நாட்களில் அவள் முகத்தில் களையே கூடியிருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

இரண்டாம் மாதம் முள் நூற்று முப்பத்தொன்றுக்கு வந்தது. ஐந்தாம் மாதம் நூற்றுப் பதினேழு. மேடையின் ஓரத்தில் அவள் வைத்த ஆப்பிள்கள் வைத்தபடியே அழுகின. முட்டையை எறும்பு மொய்த்தது. வெயில் காலத்தில் இரும்பு கொதித்தது. அவள் சாக்கை நனைத்து விரித்தாள். அதற்குள் கரடிக் கூண்டுக்கு மேலாகக் கயிற்றுப் பாலம் கட்ட உத்தரவு வந்திருந்தது. குழந்தைகள் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடக்கிற விளையாட்டு. மேடையை அகற்ற ஆறு பேர் கயிறு கட்டி இழுத்தார்கள், அது அசையவில்லை. மேலாளர் குரலை உயர்த்தாமல், "நீங்களே ஒரு வழி சொல்லுங்க கரடியக்கா" என்றார். அதுவாகப் போகும்போது போகட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள்.

அவள் கணவர் ஏரியில் மிதிபடகு பார்த்துக்கொள்கிறவர். வேடிக்கையாகப் பேசுகிற மனுஷர். மதியம் இருவரும் கூண்டுக்கு எதிர் பெஞ்சில் சாப்பிடுவார்கள். பதினோராம் மாதம், முள் நூற்று நான்கில் நின்ற ஒரு மதியம், அவர் டப்பாவை மூடிவிட்டு வெகுநேரம் மேடையையே பார்த்தார்.

"கால் வலிக்காதா அதுக்கு?"

"எதுக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காதடி. பதினோரு மாசமா நிக்குது. சாப்பாடும் இல்ல. நீ சொல்லாம அது எறங்காதுன்னு உனக்குத் தெரியும்."

"எறங்கிட்டா எனக்கு யாரு இருக்கா?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டாள்.

அவருக்கு அது சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். ஆனாலும், "நான் ஒருத்தன் இருக்கேன். என்ன, அவ்வளவு முடி கிடையாது" என்றார். அவள் சிரிக்கவில்லை. மூன்று நாள் அவரோடு பேசவுமில்லை. செவ்வாயன்று மேடைக்குப் போனபோது முள் தொண்ணூற்றெட்டு காட்டியது. தான் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தது என்ன காரியம் செய்துகொண்டிருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. வெளி முற்றத்துக்குப் போகும் கதவை அகலத் திறந்தாள். அங்கே கரடி குளிக்கும் சின்னக் குளத்தருகே ஆப்பிளும் முட்டையும் வைத்தாள். "தப்பு என்னோடதும்மா" என்று சொல்லிவிட்டு, குட்டையாக இரண்டு ஊதினாள். இரண்டாவது சரியாக வரவில்லை, காற்றுதான் வந்தது. அதையும் மகாராணி விசிலாக எடுத்துக்கொண்டது. முள் 'டக்'கென்று பூஜ்யத்துக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் குளத்துத் தண்ணீர் விளிம்பு தாண்டி வழிந்தது. ஆப்பிள் தீர்ந்தது, முட்டையும் தீர்ந்தது, வழக்கம்போல் முட்டை ஓடு மட்டும் மிச்சம்.

பிறகு கயிற்றுப் பாலம் கட்டினார்கள். பதினோரு மணிக்குமேல் பாலத்தில் நடந்தவர்களைக் கீழேயிருந்து தண்ணீர் வந்து அடித்தது. புதுச் சட்டை நனைந்த ஒருவர் புகார் கொடுத்தார். மேலாளர் விசாரித்து, 'பதினொன்றிலிருந்து பன்னிரண்டுவரை கரடி குளிக்கும் நேரம்' என்று பலகை வைத்தார். அதற்குப் பிறகு அந்த நேரத்தில்தான் கூட்டம் அதிகம். எடை மேடையை யாரும் அகற்றவில்லை. ஒரு மூலையில் கிடந்தது.

ஏழு வருடம் கழித்துக் கரடியக்கா ஓய்வு பெற்றாள். மாலை போட்டார்கள், முன்பே ஓய்வு பெற்றிருந்த பழைய மேலாளரும் வந்து பேசினார். எல்லாம் முடிந்து, பையை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் கூண்டுக்குள் போனவள் திரும்பவில்லை. கணவர் பையை எடுத்துக்கொண்டு தேடிப் போனார். எடை மேடைமேல் அவள் நின்றுகொண்டிருந்தாள். கூப்பிட்டார், அசையவில்லை. அவள் எடை அறுபத்தொன்று. முள் நூற்றுத் தொண்ணூற்றொன்பது காட்டியது.

"விருந்துல அப்படி என்னடி சாப்பிட்ட?" என்றார்.

அவள் கண் நிரம்பியிருந்தது. வலக்கை, பக்கத்தில் எதன் பிடரியிலோ அளைந்துகொண்டிருந்தது. அவர் அவளுடைய பையைத் திறந்து விசிலை எடுத்தார். முப்பது வருஷத்துக்கு மேலாகப் பக்கத்திலிருந்து கேட்டது, ஆனால் ஊதுவது அதுதான் முதல் தடவை. குட்டையாக இரண்டு ஊதினார். அவள் கீழே இறங்கினாள். முள் பூஜ்யத்துக்கு வந்தது. குளத்தில் தண்ணீர் தெறிக்கும் சத்தம் கேட்டது. அவர் பையைத் தூக்கிக்கொள்ள, இருவரும் கடைசிப் பேருந்தைப் பிடிக்க நடந்தார்கள்.